போர்டு மாறினால் முழங்கால் வலி போகுமா?

கேள்வி: கிழக்கு லண்டனில் 20 வருடத்துக்கும் மேலாகக் குடியிருக்கிறோம். இங்கிலாந்தின் பொது சுகாதாரச் சேவையை (என்.எச்.எஸ்.) நடத்தும் 'என்.எச்.எஸ். இங்கிலாந்து' அமைப்பையே கலைக்கப்போகிறோம் என்று அரசு அறிவித்ததிலிருந்து எங்கள் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் ஓயாத சண்டை. "தனியாருக்கு விற்கப் பாதை போடுகிறார்கள்" என்கிறார் ஒரு அண்ணன். "சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கும் அதிகாரிகள் ஒழிந்தால் டாக்டருக்கும் நர்ஸுக்கும் காசு வரும்" என்கிறார் இன்னொருவர். என் மனைவி முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்காக ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்கிறாள். அவளுடைய முறை இதில் அடிபட்டுப் போகுமா? மைத்துனி ஐ.சி.பி. (எங்கள் பகுதிக்கான என்.எச்.எஸ். திட்டமிடல் வாரியம்) அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அந்த வேலையும் ஆட்டம் கண்டிருக்கிறது. சங்கத்தில் எம்.பி.யை அழைத்துக் கூட்டம் போடுகிறார்கள். கேள்வி கேட்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். யாரை நம்புவது, என்ன கேட்பது?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

அரசியல் கொஞ்சம் காத்திருக்கட்டும், முதலில் உங்கள் மனைவியின் முழங்காலைப் பார்ப்போம். அவருடைய முறை போகாது. காத்திருப்புப் பட்டியலை வைத்திருப்பது மருத்துவமனை. தலைமை அலுவலகத்தைப் பூட்டினாலும் பட்டியல் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். பெயர் நழுவுவதற்கு வேறு ஒரு வழி இருக்கிறது, பயப்பட வேண்டியது அதற்குத்தான். மருத்துவமனைகள் இப்போது அடிக்கடி பட்டியலைச் சரிபார்க்கின்றன. "இந்தச் சிகிச்சை உங்களுக்கு இன்னும் தேவையா?" என்று போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும், அல்லது கடிதம் வரும். ஏதோ மோசடி லிங்க் என்று அதை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. பதில் வராவிட்டால் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டு பெயரை நீக்கிவிட வாய்ப்பிருக்கிறது. ஆகவே மருத்துவமனையிலும் ஜிபியிடமும் (குடும்ப டாக்டர்) உள்ள போன் நம்பரும் முகவரியும் சரிதானா என்று இன்றைக்கே பாருங்கள்.

இன்னொன்று. பரிந்துரை போய்ச் சேர்ந்ததிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் என்.எச்.எஸ். சாசனம் தரும் உரிமை. 92 சதவீதம் பேருக்காவது அப்படி நடக்க வேண்டும் என்பது இலக்கு. 2016 தொடக்கத்துக்குப் பிறகு அந்த இலக்கை எட்டியதே இல்லை, அது வேறு கதை. ஆனால் உரிமை உரிமைதான். 18 வாரம் தாண்டிவிட்டதால், சீக்கிரம் செய்யக்கூடிய வேறு மருத்துவமனையை ஏற்பாடு செய்யுங்கள் என்று இப்போதைய மருத்துவமனையையோ ஐ.சி.பி.யையோ நீங்கள் கேட்கலாம். 'மை பிளான்ட் கேர்' தளத்தில் எந்த மருத்துவமனையில் எத்தனை வாரம் என்று போட்டிருக்கிறார்கள். ஒரே நகரத்துக்குள்ளேயே வித்தியாசம் ஆச்சரியமாக இருக்கும். கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்காதவர்களுக்குத் தேடிவந்து கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

சரி, இனி வாட்ஸ்அப் சண்டைக்கு வருவோம். என்.எச்.எஸ்.ஸின் திட்டமிடல் அலுவலகங்களில்தான் என் உத்தியோக காலம் கழிந்தது. அதனால் இரண்டு பக்கத்து வாதமும் எனக்குப் பழக்கம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் குடும்பத்தைத் தொடப்போகிற விஷயம் அந்த இரண்டிலும் இல்லை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1948 ஜூலை 5 அன்று என்.எச்.எஸ். தொடங்கியபோதே அது ஒரே அமைப்பாக இருக்கவில்லை. மருத்துவமனைகள் ஒரு நிர்வாகம், குடும்ப டாக்டர்கள் இன்னொன்று, தாய்சேய் நலம், தடுப்பூசி எல்லாம் உள்ளாட்சி. இதை ஒன்றாக்கப் போகிறோம் என்று 1974-ல் முதல் பெரிய மாற்றம். அதில் அடுக்கு அதிகமாகிவிட்டது என்று 1982-ல் ஓர் அடுக்கை எடுத்தார்கள். 1991-ல் மார்கரெட் தாட்சர் அரசின் சட்டப்படி வாங்குபவர் ஒருவர், சேவை கொடுப்பவர் ஒருவர் என்று 'உள் சந்தை' வந்தது. டோனி பிளேர் வந்து அதில் பாதியை மாற்றினார், பிறகு வேறு உருவத்தில் அதையே கொண்டுவந்தார். 2002-ல் 303 பி.சி.டி.க்கள் (உள்ளூர் சிகிச்சைகளுக்குப் பணம் ஒதுக்கும் அமைப்புகள்) அமைத்தார்கள், 2006-ல் அவற்றை 152 ஆக்கினார்கள். கதவில் ஒட்டிய பெயர் காய்வதற்குள் அடுத்த பெயர் வந்துவிடும்.

இதில் எல்லாவற்றையும் மிஞ்சியது 2012-ல் வந்த சட்டம். மேலிருந்து திணிக்கும் மறுசீரமைப்புகளை நிறுத்துவோம் என்று கன்சர்வேடிவ், லிபரல் டெமாக்ரட் கட்சிகள் 2010 மே மாதக் கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதினார்கள். இரண்டே மாதத்தில், ஜூலையில், சுகாதார அமைச்சர் ஆண்ட்ரூ லான்ஸ்லி ஒரு பெரிய மறுசீரமைப்புத் திட்டத்தின் வெள்ளை அறிக்கையோடு வந்து நின்றார். எதிர்ப்பு கிளம்பியதால் 2011-ல் மசோதாவை நடுவழியில் நிறுத்தி, கருத்துக் கேட்டு, திருத்தி, மறுபடி ஓட்டினார்கள். இந்த மாற்றத்தை விண்வெளியிலிருந்தே பார்க்கலாம் என்ற பொருளில் அப்போதைய என்.எச்.எஸ். தலைமை நிர்வாகி டேவிட் நிக்கல்சன் சொன்னது அந்தக் காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்தது. அந்தச் சட்டம் பெற்ற பிள்ளைதான் என்.எச்.எஸ். இங்கிலாந்து. அமைச்சர்கள் தினமும் மூக்கை நுழைக்கக் கூடாது, கைக்கெட்டாத தூரத்தில் ஒரு தனி அமைப்பு நடத்தட்டும் என்பது அன்றைய வாதம். 2025 மார்ச் 13 அன்று கீர் ஸ்டார்மர் பிரதமராக அதைக் கலைப்பதாக அறிவித்தபோது சொன்ன வாதம் நேர் எதிர்: மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் கையில் பொறுப்பு திரும்ப வர வேண்டும். வேல்ஸில் உள்ள ட்ரெடீகர் மருத்துவமனையில் ஒரு பெட்பேன் கீழே விழுந்தால் அந்தச் சத்தம் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும் என்று என்.எச்.எஸ்.ஸைத் தொடங்கிவைத்த அனைரின் பெவன் சொன்னதாக ஒரு வாசகம் உண்டு. அது வேண்டும் என்று ஒரு தலைமுறை, வேண்டாம் என்று அடுத்த தலைமுறை. இதற்குக் கட்சி நிறம் பெரிதாகக் கிடையாது.

2012 சட்டம் என்ன செய்தது என்று ஒரே ஒரு கிளினிக்கை வைத்துச் சொல்கிறேன். 2013 மார்ச் வரை, ஒரு பாலியல் நல கிளினிக்குக்கு வேண்டிய பணம் எல்லாம் பி.சி.டி. பக்கத்திலிருந்து வந்தது. ஏப்ரல் 1 முதல், கருத்தடைக்கும் தொற்றுப் பரிசோதனைக்கும் உள்ளாட்சிக் கவுன்சில் பணம் கொடுக்க வேண்டும். அதே ஆளுக்கு எச்.ஐ.வி. சிகிச்சை என்றால் என்.எச்.எஸ். இங்கிலாந்து. கருக்கலைப்பு என்றால் சி.சி.ஜி. (பி.சி.டி.க்குப் பதிலாக வந்த உள்ளூர் அமைப்பு). கட்டடம் அதே, நர்ஸ் அதே, ரத்தம் எடுக்கும் ஊசி அதே. பில் மட்டும் மூன்று வாசலுக்குப் போக வேண்டும். மூன்று வாசலிலும் "இது எங்கள் பொறுப்பு இல்லை" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார். வாசலில் நின்றவர்களில் நானும் ஒருவன், அந்த ஈமெயில் சங்கிலிகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. என்.எச்.எஸ். நிலையை ஆராய்ந்து 2024 செப்டம்பரில் வந்த அறிக்கையில் லார்ட் டார்சி இந்தச் சட்டத்தை உலகில் எங்கும் முன்னுதாரணம் இல்லாத பேரிடர் என்கிற அளவுக்குத் திட்டினார். அவர் முன்பு லேபர் அரசில் அமைச்சராக இருந்தவர் என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்து படிக்கலாம் என்பார்கள். உள்ளே இருந்தவன் என்ற முறையில் நான் பெரிதாகத் தள்ளுபடி செய்ய மாட்டேன். 2022 சட்டம் அந்த 2012 சட்டத்தின் பெரும்பகுதியைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றது. உங்கள் மைத்துனி வேலை பார்க்கும் ஐ.சி.பி.யும் அப்போது வந்ததுதான்: 2022 ஜூலையில் 42 ஐ.சி.பி.க்கள்.

இப்போது அந்த அண்ணனின் தனியார் பயம். இதில் யார் பணம் கட்டுகிறார்கள், யார் வேலை செய்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளும் கலந்துவிடுகின்றன. உங்கள் ஜிபி டாக்டர் பெரும்பாலும் அரசு ஊழியர் அல்ல. 1948 முதலே ஜிபிக்கள் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் சுயதொழில்காரர்கள். மருந்துக் கடையும் பல் டாக்டரும் அப்படியே. நாளைக்கே உங்கள் மனைவிக்கு, "உங்கள் முழங்காலை இந்தத் தனியார் மருத்துவமனையில் செய்கிறோம்" என்று கடிதம் வரலாம். பட்டியலைக் குறைக்கத் தனியார் மருத்துவமனைகளை இன்னும் அதிகமாகப் பயன்படுத்தப்போவதாக 2025 ஜனவரியிலேயே அரசு சொல்லிவிட்டது. அங்கே போனாலும் நீங்கள் ஒரு பென்னிகூடக் கட்ட வேண்டியதில்லை. இது நல்லதா என்று கேட்டால், காத்திருப்பவருக்கு நல்லது. சிக்கல் இல்லாத முழங்கால்கள் எல்லாம் அங்கே போய், சர்க்கரை, இதய நோய் என்று சிக்கல் உள்ளவர்கள் மட்டும் அரசு மருத்துவமனையில் மிஞ்சினால் அந்த மருத்துவமனையின் கணக்கும், பயிற்சி டாக்டர்கள் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் என்னாகும் என்பது நியாயமான கவலை. அண்ணன் அதைப் பற்றிப் பேசினால் நானும் அவர் பக்கம் உட்காருவேன். ஆனால் என்.எச்.எஸ். இங்கிலாந்தைக் கலைப்பது அமைச்சரகத்தின் கையை வலுவாக்குகிற வேலை. அதை மட்டும் வைத்து விற்பனை என்று சொல்ல முடியாது.

அதிகாரிகள் ஒழிந்தால் நர்ஸுக்குக் காசு என்பதும் கணக்கில் நிற்காது. கலைப்பதால் மிச்சமாவது வருடத்துக்குச் சில நூறு மில்லியன் பவுண்டு என்று அரசே சொன்னது. மொத்தச் செலவு 200 பில்லியன் பவுண்டுக்குப் பக்கத்தில். 1 சதவீதம்கூட இல்லை. அதற்கு முன்னால் வேலை போகிறவர்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதிலேயே 2025-ல் மாதக்கணக்கில் இழுபறி. 2013-ல் இழப்பீடு வாங்கிப் போனவர்களில் பலர் கொஞ்ச காலத்திலேயே வேறு போர்டு மாட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள், நாடாளுமன்றத்தில் அது பெரிய ரகளையானது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம்: இந்தச் சண்டை முழுக்க இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றும் தங்கள் சுகாதாரத் துறையைத் தாங்களே நடத்துகின்றன. குழுவில் கிளாஸ்கோ உறவினர்கள் யாராவது கொதித்துக்கொண்டிருந்தால் அவர்களைக் கொஞ்சம் ஆறச் சொல்லுங்கள்.

நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். மறுசீரமைப்பு என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. நாற்காலிகளை மாற்றுவது ஒன்று, ஆம்புலன்ஸ் போகும் இடத்தை மாற்றுவது இன்னொன்று. முதலாவதுக்குத்தான் டிவியில் விவாதம். இரண்டாவது, ஐ.சி.பி. கூட்டத்தின் நூறு பக்க அஜெண்டாவில் நடுவில் எங்கேயோ ஒரு பத்தியாக வந்துபோகும். உயிரும் உடம்பும் சம்பந்தப்பட்டது அதுதான்.

உங்கள் பகுதியையே பாருங்கள். 2010 வரை லண்டனில் சுமார் முப்பது மருத்துவமனைகள் பக்கவாத நோயாளிகளை எடுத்துக்கொண்டன. அதை 8 சிறப்பு மையங்களாகக் குறைத்தார்கள். இன்றைக்கு நியூஹாமில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால் ஆம்புலன்ஸ் பக்கத்தில் இருக்கும் நியூஹாம் மருத்துவமனையைத் தாண்டி ஒயிட்சாப்பல் ராயல் லண்டன் மருத்துவமனைக்குப் போகும். "கிட்டே இருப்பதை விட்டு எட்டப் போவதா?" என்று அன்றைக்குக் கோபப்பட்டவர்கள் ஏராளம். ஆனால் ஸ்கேன் உடனே, நிபுணர் எந்நேரமும் என்றானதும் இறப்பு குறைந்தது. ஆய்வுகளில் அது தெளிவாக வந்தது. மூடுவது எல்லாம் கெட்டது என்று சொல்ல முடியாததற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் இது.

மறுபக்கமும் உண்டு. பக்கத்து மருத்துவ டிரஸ்டின் (என்.எச்.எஸ். மருத்துவமனைகளை நடத்தும் அமைப்பு) கடனைச் சமாளிக்க, நன்றாக நடந்துகொண்டிருந்த லூயிஷம் மருத்துவமனையின் அவசரப் பிரிவையும் பிரசவப் பிரிவையும் சுருக்க 2013-ல் அமைச்சர் ஜெரமி ஹன்ட் முடிவெடுத்தார். ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள்; கவுன்சிலும் உள்ளூர் இயக்கமும் வழக்குப் போட்டன. அமைச்சர் தன் அதிகாரத்தை மீறிவிட்டார் என்று அந்த ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னது, அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. உங்களுக்கு இன்னும் கிட்டே, இல்ஃபோர்டு பக்கம் கிங் ஜார்ஜ் மருத்துவமனை. அதன் அவசரப் பிரிவை மூட 2011-ல் அனுமதி கொடுத்தார்கள். மக்கள் விடவில்லை, வருடக்கணக்கில் இழுத்து, 2019-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். அதற்காக அப்போது குரல் கொடுத்தவர்களில் இல்ஃபோர்டு வடக்கு எம்.பி. வெஸ் ஸ்ட்ரீட்டிங்கும் ஒருவர். பின்னாளில் சுகாதார அமைச்சராக என்.எச்.எஸ். இங்கிலாந்தைக் கலைப்பதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தவரும் அவரேதான். ஒரே மனிதர், இரண்டு வகை மறுசீரமைப்பிலும்.

ஆகவே கூட்டத்தில் எம்.பி.யிடம், "கலைப்பதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள். கட்சி எழுதிக்கொடுத்த பதிலை ஒப்பித்துவிட்டு வடையைக் கையில் எடுத்துவிடுவார். ஐ.சி.பி.க்களின் நிர்வாகச் செலவைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் முழுப் பராமரிப்புச் செலவையும் என்.எச்.எஸ். ஏற்குமா என்று மதிப்பிடும் வேலை அங்கேதான் நடக்கிறது. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கான சிகிச்சைகளை ஏற்பாடு செய்வதிலும் அதற்குப் பங்கு உண்டு. "நம் ஐ.சி.பி. இதில் எதை நிறுத்துகிறது? நிறுத்தவில்லை என்றால் பாதி ஆட்களை வைத்து யார் செய்யப்போகிறார்கள்?" என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்கித் தரும்படி சொல்லுங்கள், எம்.பி. எழுதினால் ஐ.சி.பி. பதில் போடாமல் இருக்காது.

முழங்கால் விஷயத்திலும் அப்படியே ஒன்று கேட்கலாம். சில பகுதிகளில் உடல் எடை ஒரு அளவுக்கு மேல் இருந்தால் மூட்டு மாற்று சிகிச்சையைத் தள்ளிப்போடும் விதி இருக்கிறது, பக்கத்துப் பகுதியில் அதே விதி இருக்காது. இதை முடிவு செய்வது அமைச்சரோ நாடாளுமன்றமோ அல்ல, உள்ளூர் அலுவலகம். பல ஐ.சி.பி.க்கள் பக்கத்து ஐ.சி.பி.யோடு கைகோத்துக்கொண்டிருக்கின்றன. இரண்டு சேரும்போது யாருடைய விதி நிற்கும்? கடுமையானதா, தளர்ந்ததா? இதற்கு எம்.பி.க்குப் பதில் தெரிந்திருந்தால் எனக்கும் எழுதி அனுப்புங்கள்.

புகாரை யார் கேட்பார்கள் என்பதும் முக்கியம். நோயாளிகளின் குரலாக உள்ளூரில் இருந்த 'ஹெல்த்வாட்ச்' அமைப்பையும் மூடப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தார்கள். எனக்கு இந்தக் கலைப்புகளிலேயே வருத்தம் தருவது இதுதான். அதற்குப் பெரிய அதிகாரம் எதுவும் இருந்ததில்லை. ஆனால் வார்டுக்குள் நுழைந்து பார்க்கவும், கேட்டதை வெளியே எழுதவும் அதற்கு உரிமை இருந்தது. அந்த வேலையை மருத்துவமனையும் ஐ.சி.பி.யும் கவுன்சிலும் பார்த்துக்கொள்ளுமாம். தன்னைப் பற்றிய புகாரைத் தானே சேகரிக்கும் அலுவலகம் எப்படி எழுதும் என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரி அறிக்கைகளை நானே எழுதியிருக்கிறேன்.

உங்கள் சங்கத்தில் ஆங்கிலம் நன்றாக வாசிக்கத் தெரிந்த, கொஞ்சம் பொறுமையும் உள்ள ஓய்வுபெற்றவர் யாராவது இருப்பார். அவரை ஐ.சி.பி. வாரியக் கூட்டத்துக்கும் கவுன்சிலின் சுகாதாரக் கண்காணிப்புக் குழுக் கூட்டத்துக்கும் அனுப்புங்கள். இரண்டும் பொதுமக்கள் முன்னிலையில் நடப்பவை, தாள்கள் முன்கூட்டியே இணையத்தில் வந்துவிடும். 'சேவையை ஒருங்கிணைத்தல்', 'பராமரிப்பு மாதிரி மாற்றம்' போன்ற சொற்கள் எங்கே வந்தாலும் நின்று படிக்கச் சொல்லுங்கள். பெரிய மாற்றம் என்றால் மக்களை ஈடுபடுத்த வேண்டியது அவர்களின் சட்டக் கடமை. சர்ச்சைக்குரிய மாற்றத்தைச் சுகாதார அமைச்சருக்குத் தள்ளும் அதிகாரம் முன்பு கவுன்சிலுக்கு இருந்தது. 2024 ஜனவரி கடைசியிலிருந்து, அமைச்சர் தலையிட வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் கேட்டு எழுதலாம். உங்கள் சங்கமும் எழுதலாம். அதற்கு முன் உள்ளூரில் பேசிப் பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள்.

கடைசியாக மைத்துனி. இப்போதே அவர் தன் என்.எச்.எஸ். சேவைக் காலத்தைக் கணக்குப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளட்டும்; முன்பு வேறு டிரஸ்டில் வேலை பார்த்திருந்து நடுவில் பெரிய இடைவெளி இல்லையென்றால் அதுவும் சேரும். தேசிய ஒப்பந்தப்படி, குறைந்தது இரண்டு வருடத் தொடர் சேவை இருந்தால், ஒவ்வொரு முழு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் இழப்பீடு, அதிகபட்சம் 24 மாதம். இதில் இரண்டு கண்ணி இருக்கின்றன. "பொருத்தமான மாற்று வேலை" என்று ஒன்றைக் காட்டி, அதை அவர் தக்க காரணமில்லாமல் மறுத்தால் இழப்பீடு போய்விடும். வேலை முடிந்த நான்கு வாரத்துக்குள் வேறொரு என்.எச்.எஸ். வேலையில் சேர்ந்தாலும் போய்விடும். தானாக விலகும் திட்டம் என்று வேறு ஒரு தாளை நீட்டுவார்கள். அதன் தொகை இதைவிடக் குறைவாக இருக்கலாம். எதிலும் கையெழுத்துப் போடும் முன் யூனியன் பிரதிநிதியிடம் காட்டச் சொல்லுங்கள். யூனியனில் இல்லை என்றால் இந்த வாரமே சேரச் சொல்லுங்கள், ஏற்கெனவே தொடங்கிவிட்ட பிரச்சினைக்குப் பிறகு சேர்ந்தால் அதற்கு உதவி கிடைப்பது கடினம்.